விக்கியின் சாவிக்கொத்து யார் கையில்?

(திறந்த மூல விக்கி மென்பொருளின் நிர்வாகத் திரையை மறுவடிவமைப்பது பற்றி ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு



வகுப்பறைச் சுவிட்ச் போர்டைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு சுவிட்ச் வரிசையாக இருக்கும். எது எந்த ஃபேனுக்கு என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு டியூப்லைட்டைப் போடப் போய், பாடம் நடத்துகிற சார் தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்திவிடுவோம். வயரிங்கில் தப்பில்லை, ஃபேனிலும் தப்பில்லை. போர்டின் முகத்தில்தான் தப்பு.

மென்பொருளுக்கும் இப்படி ஒரு போர்டு உண்டு. அதுதான் நிர்வாகத் திரை. அட்மின் மட்டும் பார்க்கும் பக்கம். நூறு பேர் பயன்படுத்தும் மென்பொருளில் இந்தத் திரையைப் பார்ப்பவர்கள் ஒருவரோ இருவரோதான். அதனால் இதை அழகாக, தெளிவாக அமைக்க யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை. ஆனால் அந்த ஒருவர் இந்தத் திரையில் தவறாக ஒரு கிளிக் செய்தால் நூறு பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவேதான் இதை எப்படித் திருத்தி அமைப்பது என்பதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

விக்கி என்றால் என்ன?

விக்கி என்றவுடன் விக்கிப்பீடியா ஞாபகம் வரும். ஆனால் விக்கி என்பது அந்த ஒரு தளத்தின் பெயர் இல்லை, ஒரு வகை மென்பொருளின் பெயர். படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம் 1995-ம் ஆண்டு மார்ச் 25 அன்று முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் சீக்கிரம் என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. விக்கிப்பீடியா வந்தது 2001 ஜனவரியில். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அவை ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில்.

விக்கியின் தத்துவம் ரொம்ப எளிமையானது. தப்பு செய்வதைக் கடினமாக்காதே, தப்பைத் திருத்துவதைச் சுலபமாக்கு. யார் எதை மாற்றினாலும் பழைய பிரதி பத்திரமாக இருக்கும். ஒரு கிளிக்கில் மீட்டுவிடலாம். இந்தத் துணிச்சலில்தான் யாரோ முன்பின் தெரியாதவரைக்கூடத் திருத்த விடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தத் தத்துவம் பக்கங்களுக்குப் பொருந்துகிறது. நிர்வாகத் திரைக்கு வந்தால் காணாமல் போய்விடுகிறது! பக்கத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட யார், எப்போது, எதை என்று வரலாறு இருக்கும். மொத்த விக்கியின் கதவையே திறந்துவிடும் செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் அப்படி ஒரு வரலாற்றுப் பக்கம் இருப்பதில்லை. மறுவடிவமைப்பு செய்ய வருபவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த முரண்பாட்டை.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்

மீடியாவிக்கியில் முக்கியமான செட்டிங்குகள் எல்லாம் லோக்கல்செட்டிங்ஸ் என்ற ஒரு பிஎச்பி கோப்பில் இருக்கும். அதை சர்வருக்குள் போய்க் கையால்தான் எழுத வேண்டும். திரையில் பார்த்து மாற்றும் வசதி அடிப்படை மென்பொருளில் இல்லை. ஆகவே நம் பாடத்துக்கு டோக்குவிக்கி பொருத்தம்.

டோக்குவிக்கியை ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் எழுதத் தொடங்கினார். பிஎச்பியில் எழுதப்பட்டது. ஜிபிஎல் 2-ம் பதிப்பு உரிமத்தில் கிடைக்கிறது. அதாவது சோர்ஸ் கோடைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இதற்கு டேட்டாபேஸே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'பேஜஸ்' என்பதில் இப்போதைய பக்கங்கள், 'அட்டிக்' என்பதில் பழைய பிரதிகள். அட்டிக் என்றால் பரண். பழைய சாமானைப் பரணில் போடுவதுபோல! செட்டிங்குகள் 'கான்ஃப்' என்ற ஃபோல்டரில். பிஎச்பி 5.4 வந்ததிலிருந்து (2012) அதற்குள்ளேயே சோதனைக்கான ஒரு சின்ன வெப் சர்வர் இருக்கிறது. ஆகவே லேப் கம்ப்யூட்டரிலோ ஹாஸ்டலில் இருக்கும் பழைய லேப்டாப்பிலோ ஓட்டிப் பார்க்கலாம். காசு செலவில்லை.

இதன் நிர்வாகத் திரையில் முக்கியமாக இருப்பவை:

1. பயனர் மேலாளர் - ஆட்களைச் சேர்க்க, நீக்க. சிஎஸ்வி கோப்பு மூலம் மொத்த வகுப்பையும் ஒரே தடவையில் சேர்க்கலாம்.
2. உரிமை மேலாளர் - யார் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என்று சொல்ல.
3. நீட்சி மேலாளர் - ப்ளக்-இன், டெம்ப்ளேட் நிறுவ.
4. அமைப்பு மேலாளர் - எல்லா செட்டிங்குகளும்.
5. மீட்பு மேலாளர் - விளம்பரக் குப்பையை யாராவது கொட்டினால் மொத்தமாகப் பழையபடி ஆக்க.

இதில் 2-ம் 4-ம் தான் ஆபத்தானவை. அவற்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

உரிமை எண்கள்: ஏணியா, கூட்டலா?

டோக்குவிக்கியில் உரிமைக்கு எண்கள் உண்டு.

0 - ஒன்றும் கிடையாது
1 - படிக்கலாம்
2 - இருக்கும் பக்கத்தைத் திருத்தலாம்
4 - புதுப் பக்கம் உருவாக்கலாம்
8 - படம், கோப்பு ஏற்றலாம்
16 - அழிக்கலாம்
255 - அட்மின்

1, 2, 4, 8, 16 என்று பார்த்தவுடன் உங்களுக்கு யூனிக்ஸ் லேப் ஞாபகம் வரும். அங்கே சிஎச்மோட் கட்டளையில் 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. மூன்றும் வேண்டுமானால் கூட்டி 7 என்று போடுவோம். அதே பழக்கத்தில் இங்கேயும் 'படிக்கவும் திருத்தவும் வேண்டும், ஆக 1 + 2 = 3' என்று போடத் தோன்றும். ஆனால் டோக்குவிக்கியில் இது கூட்டல் இல்லை, ஏணி. மேல்படியில் நிற்பவனுக்குக் கீழ்ப்படிகள் எல்லாம் சொந்தம். 8 கொடுத்தால் 4, 2, 1 எல்லாம் தானாகவே வந்துவிடும். எண்களின் தோற்றம் ஒன்று, நடத்தை வேறொன்று. நல்ல வேளையாகத் திரையில் உரிமை சொல்லாகக் காட்டப்படுகிறது. ஆனால் கோப்பை நேரடியாகத் திறந்தால் எண் மட்டும்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'அழிக்கலாம்' என்ற சொல்லில் இருக்கிறது. 16 இல்லாதவன் பக்கத்தை அழிக்க முடியாது என்றுதானே நினைப்போம்? முடியும்! 2 இருந்தாலே போதும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டுக் காலியாகச் சேமித்தால் பக்கம் போய்விடும். 16 என்பது ஏற்றிய படங்களையும் கோப்புகளையும் அழிப்பதற்கு மட்டும். நிரலை எழுதியவருக்கு இது நியாயமாகத்தான் தெரியும். பக்கத்துக்குப் பரணில் பழைய பிரதி இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் மீட்கலாமே! ஆனால் திரையைப் பார்க்கும் அட்மினுக்கு அது எப்படித் தெரியும்? 'அழிக்கலாம்' என்பதை 'ஏற்றிய கோப்புகளை அழிக்கலாம்' என்று மாற்றினால் போதும். ஒரு சொல்லைத் திருத்துவதும் மறுவடிவமைப்புதான். அதற்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு பாலிடெக்னிக் துறைக்கு டோக்குவிக்கி நிறுவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். லேப் மேனுவல், கேள்வித்தாள் தொகுப்பு, இன்டர்னல் மார்க் பட்டியல் எல்லாம் அதில். நிறுவும்போது மென்பொருளே கேட்கும்: திறந்த விக்கியா, பொது விக்கியா, மூடிய விக்கியா? நாம் பொது விக்கியைத் தேர்ந்தெடுக்கிறோம். அதாவது எல்லோரும் படிக்கலாம், பதிவு செய்தவர்கள் எழுதலாம். உடனே உரிமைக் கோப்பில் இரண்டு வரி எழுதப்படும்:

\* @ஆல் 1
\* @யூசர் 8

நட்சத்திரக் குறி என்றால் விக்கி முழுவதும். @ஆல் என்றால் ஊர் உலகம் எல்லாம். @யூசர் என்றால் பதிவு செய்தவர்கள்.

இப்போது 'மார்க்' என்று ஒரு பெயர்வெளி உருவாக்குகிறோம். பெயர்வெளி என்றால் ஒரு ஃபோல்டர் என்று புரிந்துகொள்ளுங்கள். அதில் ஆசிரியர்கள் மட்டும் எழுத வேண்டும். ஆகவே உரிமை மேலாளருக்குப் போய் ஒரு வரி சேர்க்கிறோம்:

மார்க்:\* @ஸ்டாஃப் 8

ஸ்டாஃபுக்கு 8 கொடுத்தாயிற்று. வேலை முடிந்ததா? முடியவில்லை. ஏன் என்று பாருங்கள்.

டோக்குவிக்கி உரிமையைத் தேடும் முறை இது. முதலில் அந்தப் பக்கத்துக்கென்றே தனி விதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அது இருக்கும் பெயர்வெளி. அதிலும் பொருந்தும் விதி இல்லையென்றால் ஒரு படி மேலே. கடைசியாக விக்கி முழுவதற்குமான நட்சத்திர விதி. எந்த மட்டத்தில் முதலில் விதி பொருந்துகிறதோ அங்கேயே நின்றுவிடும். ஒரே மட்டத்தில் இரண்டு மூன்று விதி பொருந்தினால் அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இப்போது குமார் என்ற மாணவன் மார்க் பட்டியலைத் திறக்கிறான். 'மார்க்' மட்டத்தில் ஸ்டாஃபுக்கு மட்டும்தான் விதி. குமார் ஸ்டாஃப் இல்லை. பொருந்தவில்லை. ஆகவே மேலே போகும். அங்கே @ஆல் 1, @யூசர் 8. இரண்டும் குமாருக்குப் பொருந்தும். பெரியது 8. ஆக, குமார் தன் மார்க்கைத் தானே திருத்திக்கொள்ளலாம்! யார் வேண்டுமானாலும் தானே பதிவு செய்துகொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தால், குமார் மட்டுமல்ல, ஊரில் யாரும் திருத்தலாம். பதிவு செய்யாதவர்கூட எல்லோர் மார்க்கையும் படிக்கலாம்.

சரியான வழி, இன்னொரு வரியும் சேர்ப்பது:

மார்க்:\* @ஆல் 0
மார்க்:\* @ஸ்டாஃப் 8

இப்போது குமாருக்கு 'மார்க்' மட்டத்திலேயே @ஆல் 0 பொருந்திவிடும். அங்கேயே நின்றுவிடும். கதவு மூடியாயிற்று. ஆசிரியருக்கு 0-ம் பொருந்தும், 8-ம் பொருந்தும். பெரியது 8. அவருக்குத் திறக்கும்.

இதில் மோசமான விஷயம் என்ன தெரியுமா? முதலில் செய்த தவறு அட்மின் கண்ணில் படவே படாது. அவர் சூப்பர் யூசர். அவருக்கு எந்த விதியும் கிடையாது, எப்போதும் 255. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் திறக்கும். 'எல்லாம் சரியாத்தானே வேலை செய்யுது' என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். பூட்டைச் சோதிக்கிறவர் கையில் மாஸ்டர் சாவி இருந்தால் பூட்டு பூட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பாதித் தீர்வு டோக்குவிக்கியிலேயே இருக்கிறது. உரிமை மேலாளரில் இடது பக்கம் பெயர்வெளிகள் மரம்போல் விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பயனர் பெயரையோ குழுவையோ கொடுத்தால், 'இன்னாருக்கு இந்த இடத்தில் இன்ன இன்ன உரிமை இருக்கிறது' என்று முழு வாக்கியமாகவே சொல்லும். இந்த உரிமை நேரடியாகக் கொடுத்ததா, மேலிருந்து வந்ததா என்றும் குறிப்பு போடும். அருமையான வசதி. ஆனால் நாம் போய்க் கேட்டால்தான் சொல்லும். கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் ஏற்கெனவே பாதி உஷார்.

மறுவடிவமைப்பில் நாம் செய்ய வேண்டியது அதே வாக்கியத்தைக் கேட்காமலேயே சொல்ல வைப்பது. புது விதியைச் சேமிக்கும்போது திரையில் மூன்று வரி வரட்டும்:

பதிவு செய்யாதவர்: படிக்கலாம்.
பதிவு செய்தவர்: திருத்தலாம், கோப்பு ஏற்றலாம்.
ஸ்டாஃப்: திருத்தலாம், கோப்பு ஏற்றலாம்.

இதைப் பார்த்தால் எந்த அட்மினும் 'ஐயையோ, பசங்களுக்கும் திறந்திருக்கே!' என்று உடனே கண்டுபிடிப்பார். கணக்குப் போட வேண்டியது கம்ப்யூட்டர், மனிதர் இல்லை.

அமைப்பு மேலாளர்: நீலம், வெள்ளை, சிவப்பு

அடுத்தது அமைப்பு மேலாளர். அடிப்படை, தோற்றம், அடையாளச் சோதனை, திருத்தம், இணைப்பு, அறிவிப்பு, நெட்வொர்க் என்று பகுதி பகுதியாக ஒரே நீளப் பக்கம். கீழே கீழே உருட்டிக்கொண்டே போகலாம். மேலே ஒரு பொருளடக்கம் உண்டு.

இதில் பின்னணி நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நீலம் என்றால் மென்பொருளோடு வந்த இயல்பு மதிப்பு. வெள்ளை என்றால் நாம் மாற்றியது. வெளிர் சிவப்பு என்றால் பூட்டி வைக்கப்பட்டது, திரையிலிருந்து மாற்ற முடியாது. யோசனை பிரமாதம். எதை மாற்றினோம் என்று ஒரு பார்வையில் தெரியும். ஆனால் பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காதவருக்கு நிறம் வெறும் அலங்காரம். நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அதுவும் இல்லை. வெளிறிய சாயம் பழைய மானிட்டரில் தெரியவே தெரியாது. இணைய அணுகல் விதிகளும் (2008-ல் வந்த இரண்டாம் பதிப்பு) இதைத்தான் சொல்கின்றன: ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் சொல்லாதே. ஆகவே நிறம் இருக்கட்டும், கூடவே 'இயல்பு', 'மாற்றியது', 'பூட்டியது' என்று ஒரு சொல்லும் இருக்கட்டும். 'மாற்றியவை மட்டும் காட்டு' என்று ஒரு பொத்தானும் வைத்தால் அட்மினின் அரை மணி நேரம் மிச்சம்.

சில செட்டிங்குகள் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருக்கும். மூன்று வகை. எதிர்பாராத விளைவு வரலாம் என்பது ஒன்று. பாதுகாப்புக்கு ஆபத்து என்பது இன்னொன்று. விக்கிக்குள்ளும் இந்தத் திரைக்குள்ளும் நுழைய முடியாமல் போகலாம் என்பது மூன்றாவது. ஆபத்தை இப்படித் தரம் பிரித்தது பாராட்ட வேண்டிய விஷயம்.

மூன்றாவது வகைக்கு ஓர் உதாரணம்: 'உரிமைக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்து' என்ற ஒரு டிக். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எல்லா விதிகளும் செல்லாது. உலகத்தில் யாருக்கும் 8-ம் எண் உரிமை, அதாவது படிக்க, திருத்த, உருவாக்க, ஏற்ற. அதோடு லாக்-இன்னும் கிடையாது. லாக்-இன் இல்லையென்றால் அட்மின் யார்? யாருமில்லை. டிக்கைத் திரும்பப் போட வேண்டிய திரைக்கே அட்மினால் போக முடியாது! வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட கதை. சர்வருக்குள் போய் 'லோக்கல்' என்ற கோப்பைக் கையால் திருத்தினால்தான் மீளலாம். டெக்ஸ்ட் கோப்பாக இருப்பதால் அதுவாவது முடிகிறது.

இவ்வளவு பெரிய விஷயமும், தேதி எப்படிக் காட்டுவது என்ற சின்ன விஷயமும் ஒரே பக்கத்தில், ஒரே 'சேமி' பொத்தானுக்குக் கீழ். இதை எப்படித் திருத்தலாம்?

முதலாவது, இடம். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விதி சொன்னார். ஓர் இலக்கை எட்டும் நேரம், அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது. பக்கத்தில் பெரிதாக இருந்தால் சீக்கிரம் கை போகும். அதைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். ஆபத்தான செட்டிங்கைத் தள்ளி, தனிப் பக்கத்தில் வையுங்கள். கை தவறிப் போகக்கூடாது, தேடித்தான் போக வேண்டும்.

இரண்டாவது, கேள்வி. 'நிச்சயமா?' என்று கேட்பது வீண். யாரும் படிப்பதில்லை, கை தானாகவே 'ஆம்' அடிக்கும். அதற்குப் பதில் விளைவைச் சொல்லுங்கள்: 'இதை எடுத்தால் யார் வேண்டுமானாலும் பக்கங்களைத் திருத்தலாம். நீங்கள் இந்தத் திரைக்குத் திரும்ப முடியாது. தொடர விக்கியின் பெயரைத் தட்டச்சு செய்யவும்.' பெயரை அடிக்கும் அந்த ஐந்து விநாடியில் மூளை விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது, வரலாறு. பக்கத்துக்கு இருப்பதுபோல் செட்டிங்குக்கும் பழைய பிரதிகளின் பட்டியல் வேண்டும். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று. விக்கியின் தத்துவத்தை விக்கியின் அட்மினுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

எதைத் தொடக் கூடாது?

மறுவடிவமைப்பு என்றால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கட்டுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. நன்றாக இருப்பதை முதலில் பட்டியல் போடுங்கள். டோக்குவிக்கியில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, மேலே சொன்ன திறந்த, பொது, மூடிய விக்கிக் கேள்வி. புதியவரிடம் எண்ணைக் கேட்காமல் கொள்கையைக் கேட்கிறது. எண்ணைத் தானே எழுதிக்கொள்கிறது.

இரண்டு, ஒரு படத் தந்திரம். டேட்டா ஃபோல்டரை வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் திறக்கக் கூடாது. திறக்க முடிந்தால் உரிமை விதிகளுக்கே அர்த்தமில்லை, கோப்பை அப்படியே படித்துவிடலாம். சர்வர் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நிர்வாகப் பக்கம், அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு படத்தைக் காட்ட முயற்சி செய்கிறது. பூட்டியிருந்தால் படம் வராது, அட்மின் கண்ணில் ஒன்றும் படாது. பூட்டவில்லை என்றால் படம் வந்துவிடும். அந்தப் படமே எச்சரிக்கை! அட்மினின் பிரவுசர் வெளியாளாக நடித்துக் கதவைத் தட்டிப் பார்க்கிறது. மாஸ்டர் சாவி இல்லாமல் பூட்டைச் சோதிக்கும் முறை இதுதான். நான் மார்க் பட்டியலுக்குச் சொன்ன தீர்வும் இதே கொள்கைதான்.

நாம் செய்வது எப்படி?

இனி செய்முறை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக எடுப்பவர்களுக்கு உபயோகப்படும்.

படி 1: வேலைப் பட்டியல். அட்மின் எதற்காக இந்தத் திரைக்கு வருகிறார் என்று அவர் வாயாலேயே எழுதுங்கள். 'புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான்', 'ஒருத்தன் பாஸ்வேர்டு மறந்துட்டான்', 'யாரோ விளம்பரம் போட்டுட்டாங்க', 'மார்க் பட்டியலை மூடணும்' என்று. மென்பொருளின் பகுதிப் பெயர்களைப் பார்த்து எழுதாதீர்கள்.

படி 2: அட்டை அடுக்கல். ஒவ்வொரு செட்டிங்கையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் போதும். நண்பர்களிடம் கொடுத்து, சேர வேண்டியதைச் சேர்த்து அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எனக்குத் தோன்றிய அடுக்கு நான்கு: ஆட்கள், உரிமை, தோற்றமும் அமைப்பும், பராமரிப்பு. உங்களுக்கு வேறு வரலாம்.

படி 3: பேப்பர் வடிவம். பென்சிலால் வரையுங்கள். முகப்பின் மேலேயே 'இன்றைய நிலவரம்' இருக்கட்டும்: யார் படிக்கலாம், யார் எழுதலாம், புதியவர் தானே பதிவு செய்யலாமா, டேட்டா ஃபோல்டர் பூட்டியிருக்கிறதா. உள்ளே நுழைந்தவுடன் நான்கு வரியில் மொத்தக் கதையும் தெரிய வேண்டும்.

படி 4: சோதனை. ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். நல்ல பயன்தரும் வழி. வேலைப் பட்டியலில் ஒன்றைக் கொடுத்து, பேப்பர் திரையில் விரலால் 'கிளிக்' செய்யச் சொல்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யாதீர்கள். 'அங்கதான்டா இருக்கு' என்று நீங்கள் சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம். திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி.

படி 5: நிரல். டோக்குவிக்கியின் மையக் கோடைத் தொடவே வேண்டாம். அட்மின் ப்ளக்-இன்னாக எழுதலாம். அதில் முக்கியமாக இரண்டு ஃபங்ஷன். 'ஹேண்டில்' என்பது வந்த உத்தரவை நிறைவேற்றும். 'எச்டிஎம்எல்' என்பது திரையை வரையும். வேலையையும் முகத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதால் முகத்தை மட்டும் மாற்றுவது சுலபம். திரையில் வரும் சொற்கள் மொழிவாரியாகத் தனிக் கோப்பில் இருக்கும். ஆகவே தமிழ்ச் சொற்களையும் தரலாம்.

படி 6: பாதுகாப்பு. அழகான படிவம் வரைந்துவிட்டுப் பலர் இதை மறந்துவிடுவார்கள். அட்மின் லாக்-இன் செய்திருக்கும்போது வேறு ஒரு மோசமான தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தளம் ரகசியமாக, அவர் பிரவுசர் மூலமே, 'இன்ன பயனரை அட்மின் ஆக்கு' என்று நம் விக்கிக்கு உத்தரவு அனுப்பலாம். விக்கிக்கு அது அட்மின் அனுப்பியதுபோலவே தெரியும். இதைத் தடுக்க ஒவ்வொரு படிவத்திலும் ஒரு மறைவான டோக்கன் வைக்க வேண்டும். வெளித் தளத்துக்கு அந்த டோக்கன் தெரியாது. டோக்குவிக்கியில் இதற்குத் தயாராக ஃபங்ஷன்கள் உண்டு. படிவத்தில் டோக்கனைப் போடவும், ஹேண்டில் தொடக்கத்தில் சரிபார்க்கவும் மறக்காதீர்கள். எதையும் மாற்றும் உத்தரவை வெறும் லிங்காக வைக்காதீர்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

கேள்வி 1: ஒரு மூடிய விக்கியின் விதிகள் இவை: \* @ஆல் 0, \* @யூசர் 8. நோட்டீஸ் மட்டும் எல்லோரும் படிக்கட்டும் என்று நோட்டீஸ்:\* @ஆல் 1 என்று சேர்த்தோம். பதிவு செய்த மாணவன் நோட்டீஸைத் திருத்த முடியுமா?

விடை: முடியாது. நோட்டீஸ் மட்டத்திலேயே @ஆல் 1 அவனுக்கும் பொருந்திவிடும். மேலே இருக்கும் 8 வரை தேடல் போகாது. திருத்த வேண்டுமானால் நோட்டீஸ்:\* @யூசர் 8 என்றும் சேர்க்க வேண்டும். 'எல்லோருக்கும் கொடுத்ததால் சிலருக்குக் குறைந்தது' என்ற விசித்திரம் இது. திரை இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

கேள்வி 2: 2-ம் எண் உரிமை மட்டும் உள்ளவன் ஒரு பக்கத்தைக் காலியாக்கிச் சேமித்துவிட்டான். பக்கம் போய்விட்டதா?

விடை: போய்விட்டது, ஆனால் பரணில் பழைய பிரதி இருக்கிறது. மீட்கலாம்.

முடிவுரை

துறையில் ஒரு விக்கியை யார் பார்த்துக்கொள்வார்கள்? பெரும்பாலும் ஆர்வமுள்ள ஒரு மாணவன். அவனுக்கு எல்லாம் மனப்பாடம். எந்த டிக்கைத் தொடக் கூடாது, எந்த விதிக்கு எந்த விதி ஜோடி என்று. ஆனால் டிப்ளமோ மூன்று வருஷம்தான். அவன் போனதும் சாவிக்கொத்து ஜூனியர் கைக்கு வரும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. அப்போது அந்த ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது திரைதான். ஒரு வரி தெரியாமல் போனால் அறுபது பேரின் மார்க்கும் ஊருக்கே திறந்து கிடக்கும். அதற்குத் திட்டு வாங்கப் போவது திரையை வரைந்தவர் இல்லை, பாவம் அந்த ஜூனியர்.

ஆகவே இந்த ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களே, ஸ்டூடண்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று போன பேட்ச் செய்ததையே திரும்பச் செய்வதைவிட, உலகம் முழுவதும் பயன்படும் ஒரு மென்பொருளில் ஒரே ஒரு திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் கோடு கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. 'அழிக்கலாம்' என்ற ஒரு சொல்லைத் தெளிவாக்கும் திருத்தத்தை அனுப்பினாலும் அது வேலைதான். வைவாவில் 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்டால், 'பேப்பரில் வரைந்தேன், ஐந்து பேரிடம் காட்டினேன், மூன்று இடத்தில் தயங்கினார்கள், திருத்தினேன்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எக்ஸ்டர்னலுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.